ஜவ்வு ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி கபடி: எப்போது இறங்கலாம், எப்படி இறங்க வேண்டும்

கபடி ஆடுகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ரெய்டு போனேன் (எதிரணிப் பக்கம் பாடிப் போவது), கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில், நின்றவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார், பாதம் மேட் (ஆடுகளத்து விரிப்பு) மேல் ஒட்டிக்கொண்டது, நடுக்கோட்டைத் தொட்டுவிடலாம் என்று உடம்பை மட்டும் திருப்பினேன், முட்டிக்குள்ளே ‘டப்’ என்று ஒன்று. ராத்திரிக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. அடுத்த வாரம் எம்ஆர்ஐ, ஏசிஎல் என்கிற முட்டி ஜவ்வு முழுசாகக் கிழிந்திருக்கிறது என்றார்கள், அதற்கடுத்த மாதம் ஆபரேஷன். அங்கிருந்து மறுபடி ஒரு முழு மேட்ச் ஆட எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் மூன்று நான்கு மாதம் என் சொந்தக் கிறுக்குத்தனத்தால் போனது. அது உங்களுக்கும் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, பிசியோவும் இல்லை. உங்கள் முட்டியைத் திறந்து பார்த்தவர் சொல்வதும் நான் சொல்வதும் முரண்பட்டால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள்

நம் ஊரில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்றுதான் சொல்வோம். இதுதான் முதல் குழப்பம். ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் கயிறு மாதிரி. கீழ்க்கால் முன்பக்கம் நழுவாமலும், திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. மெனிஸ்கஸ் வேறு, அது இரண்டு எலும்புக்கும் நடுவே வாஷர் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒரே அடியில் கிழிவது சகஜம். மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் முதல் சில வாரம் கால் ஊன்றுவதிலும் ஆழமாக மடக்குவதிலும் கட்டுப்பாடு இருக்கும், தைக்காமல் கிழிந்த ஓரத்தை மட்டும் நறுக்கி எடுத்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாடு இருக்காது. அதனால் ‘எங்க ஊர்ப் பையன் மூணாவது நாளே கட்டை இல்லாம நடந்தான்’ என்று யாராவது சொன்னால், அவனுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

சம்மரியில் பார்க்க வேண்டிய இன்னொன்று கிராஃப்ட் எங்கேயிருந்து எடுத்தார்கள் என்பது. கிழிந்த ஏசிஎல்லைப் பெரும்பாலும் தைப்பதில்லை, உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் புதிதாக வைக்கிறார்கள். பின்தொடையிலிருந்து எடுத்திருந்தால் முதல் சில வாரம் பின்தொடைக்குக் கனமான வேலை கொடுக்கக் கூடாது. செருப்பை மாட்டக் காலைப் பின்னால் வெடுக்கென்று மடக்கினாலே சுளீர் என்று இழுக்கும். முட்டிச் சிப்பிக்குக் கீழேயிருந்து எடுத்திருந்தால் மண்டியிடும்போது முன்பக்கம் ரொம்ப நாளைக்கு வலிக்கலாம், மண்டியிட்டுப் பாய்கிற கவர் ஆட்டக்காரர்கள் (கார்னருக்கு உள்பக்கம் நின்று தடுப்பவர்கள்) இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நம் பக்கம் சில டாக்டர்கள் கணுக்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் பெரோனியஸ் நாணையும் எடுக்கிறார்கள். அப்படியென்றால் கணுக்காலுக்கும் தனியாகப் பயிற்சி கேளுங்கள்.

தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்

முதல் இரண்டு வாரத்துக்கு வேலை மூன்றுதான்: கால் முழுசாக நீள வேண்டும், வீக்கம் இறங்க வேண்டும், தொடையின் முன்சதை விழித்துக்கொள்ள வேண்டும். மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள், ‘எவ்வளவு மடங்குது’ என்றுதான் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். மடங்குவது பெரும்பாலும் வந்துவிடும். நீள்வது ஆரம்பத்திலேயே வராவிட்டால் அப்புறம் கொண்டுவருவது பெரும்பாடு, நடையே நொண்டலாகிவிடும், முன்சதையும் திரும்பாது.

என் அம்மா பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணையைச் செருகி வைத்திருந்தார், எனக்கும் சுகமாக இருந்தது. நான்காவது நாள் பிசியோ மேடம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தலையணையை உருவினார், துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி அந்தரத்தில் தொங்கியது. பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் பின்முட்டி இழுத்த இழுவை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அதைச் செய்யச் சொன்னார். அதோடு முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்க வேண்டும். இறுக்கும்போது முட்டிச் சிப்பி தொடைப்பக்கம் ஏறுகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். ஏறாவிட்டால் சதை இன்னும் தூங்குகிறது என்று அர்த்தம். மூட்டு வீங்கியிருக்கும் வரைக்கும் மூளை அந்தச் சதையை அணைத்தே வைத்திருக்கும், அது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. இந்தக் கட்டத்தில் ‘கரண்ட் வைப்பது’ உண்மையிலேயே உதவும், சதையைத் தட்டி எழுப்பும் மெஷின் அது. ஆனால் மூன்று மாதம் கழித்தும் கரண்ட் வைத்து, ஐஸ் வைத்து, பத்து தடவை காலைத் தூக்கச் சொல்லி அனுப்புகிற இடமாக இருந்தால் அங்கே காசு கொடுக்காதீர்கள். உங்களை விளையாட்டுக்குத் திருப்புவது இரும்புதான், இரும்பு தூக்க வைக்கிற பிசியோவைத் தேடுங்கள்.

கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. எண்ணெய் போட்டு நீவுகிறேன், உருவி விடுகிறேன் என்று யார் வந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

வீட்டு விஷயங்கள்: சம்மணம், இந்தியன் டாய்லெட், மண்டியிடுவது மூன்றுக்கும் டாக்டர் சொல்லும் வரை தடை. ஊரில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி கிடைக்கும், ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். பைக்கை ஓட்டுவதைவிட சிக்னலில் நிறுத்திக் கால் ஊன்றுவதுதான் ஆபத்து, சல்லியில் கால் வழுக்கினால் வண்டியின் மொத்தக் கனமும் அந்த முட்டியில்தான் இறங்கும்.

பத்தாவது வாரத்தின் பொய்

இந்த ஒரு பத்தியையாவது பொறுமையாகப் படியுங்கள். கிராஃப்டை வைக்கும்போது அது பலமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்த ஓட்டம் அறுந்த நாண் அது. உள்ளே போனதும் உடம்பு அதன் பழைய திசுவைக் கரைத்துவிட்டு மெல்ல மெல்லப் புதுசாகக் கட்ட ஆரம்பிக்கிறது. குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரி. நடுவில் ஒரு கட்டத்தில் பழைய சுவரும் இருக்காது, புதுச் சுவரும் எழும்பியிருக்காது. ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அந்தக் கட்டம். வேடிக்கை என்னவென்றால் சரியாக அப்போதுதான் வலி போகும், நொண்டல் போகும், ‘ஆளு நல்லாயிட்டாப்பல’ என்று ஊரே சொல்லும். கிராஃப்ட் பக்குவப்பட ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகிறது.

எனக்குப் பதினோராவது வாரத்தில் பொங்கல் வந்தது. ஊர் டோர்னமென்ட், கோட்டோரம் அம்பயராக நில் என்று கூப்பிட்டார்கள், நின்றேன். அரை மணி நேரம் கழித்து, மேட்ச்சுக்கு நடுவே சும்மா இருந்த மேட்டில் பையன்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள், ‘அண்ணே ஒரே ஒரு ரெய்டு’ என்றான் ஒருவன். ஒரே ஒரு ரெய்டுதான், யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. போனஸ் கோட்டுக்கு (எதிரணிப் பக்கத்தில் கூடுதல் பாயின்ட்டுக்காகத் தாண்டும் கோடு) அருகே ஒரு திருப்பம், அவ்வளவுதான். கிராஃப்ட் அறுபடவில்லை, அது என் அதிர்ஷ்டம். ஆனால் முட்டியில் நீர் கோத்துக்கொண்டு மூன்று வாரம் இறங்கவில்லை, இரண்டரை மாதம் சேர்த்து வைத்த முன்சதை அந்த மூன்று வாரத்தில் கரைந்துபோனது. மறுபடி துண்டு, மறுபடி குதிகால்.

அதனால் நாள்தோறும் ஒரு பழக்கம்: காலையில் எழுந்ததும் இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பியின் உட்புறக் குழி நல்ல காலில் தெரியும், ஆபரேஷன் காலில் அது நிரம்பியிருந்தால் நேற்று செய்தது அதிகம். அன்றைக்குப் பாரத்தைக் குறையுங்கள். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலை வீக்கம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

இரும்புக் காலம்

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை சுவாரஸ்யமே இல்லாத காலம், நிறையப் பேர் இங்கேதான் நழுவுகிறோம். நடக்க முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறது, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் காசு போகிறது, எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஐந்தாவது மாதம் ஜிம்மை விட்டேன். ஆறு வாரம் கழித்துத் தையற்கடைக்காரரின் டேப்பை வாங்கி, சிப்பியின் மேல்விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் மேலே பேனாவால் கோடு போட்டுத் தொடையைச் சுற்றி அளந்தேன். நல்ல கால் 50, ஆபரேஷன் கால் 46. சுற்றளவே பலம் ஆகிவிடாது, ஆனாலும் நாலு சென்டிமீட்டரைப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஸ்குவாட், லெக் பிரஸ், ஒரு காலைப் பின்னால் பெஞ்சில் வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட், பின்தொடைக்கு ரொமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மடக்கிக் குனிந்து எழுவது), கெண்டைக்காலுக்குப் படி விளிம்பில் நின்று குதிகால் தூக்குவது. லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினை (உட்கார்ந்தபடி எடையோடு காலை நீட்டுவது) வைத்துச் சிலர் பயமுறுத்துவார்கள், அது கிராஃப்டை இழுக்கும் என்று. முழுசாக நீட்டுகிற கடைசிப் பகுதியில் இழுவை அதிகம் என்பது உண்மை, அதனால் ஆரம்பத்தில் பாதி தூரத்துக்கு மட்டும் செய்யச் சொல்வார்கள். ஆனால் அதை வாழ்நாள் முழுக்க ஒதுக்கினால் முன்சதை திரும்பவே திரும்பாது. எப்போது, எந்த அளவு என்று பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக எல்லாவற்றையும் ஒற்றைக்காலில் செய்யுங்கள். இரண்டு காலையும் சேர்த்துச் செய்யும்போது நல்ல கால் சத்தமில்லாமல் முக்கால்வாசிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும், கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது.

ஓட்டத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான்: பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது என்பதற்காக ஓடக் கூடாது. வீக்கம் இருக்கக் கூடாது, கால் முழுசாக நீள வேண்டும், ஒரு படியிலிருந்து ஆபரேஷன் காலால் மெல்ல இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு நிமிஷ ஓட்டம், இரண்டு நிமிஷ நடை. தார் ரோட்டில் வேண்டாம், பள்ளிக்கூட மைதானத்து மண் போதும். நேராக ஓடுவது சுலபமாக வந்துவிடும், அதை வைத்து முட்டி சரியாகிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஏசிஎல்லுக்கு நேர் ஓட்டத்தில் பெரிய வேலையே இல்லை, திரும்பும்போதும் நிற்கும்போதும்தான் அதன் வேலை.

ஆறு மாதத்துக்கு மேலே குதிப்பதும் திரும்புவதும். முதலில் இரண்டு கால், அப்புறம் ஒரு கால். குதித்து இறங்கும்போது சத்தத்தைக் கேளுங்கள், ‘தொம்’ என்று விழுந்தால் முட்டி வாங்குகிறது, பூனை மாதிரி விழுந்தால் தொடையும் இடுப்பும் வாங்குகின்றன. போனை எதிரே செங்கல்மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். நான் ஒழுங்காக இறங்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வீடியோவில் பார்த்தால் வலது முட்டி ஒவ்வொரு தடவையும் உள்ளே மடிந்து இடதைத் தொடப் போகிறது. அதைத் திருத்தவே ஒரு மாதம் ஆனது.

சுண்ணாம்புக் கோடும் நொண்டியும்

சின்ன வயதில் நொண்டி ஆடியிருப்பீர்கள். இப்போது அதையே அளந்து ஆட வேண்டும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, டேப்பை நீட்டி வைத்து, ஒற்றைக்காலில் நின்று எட்டிய மட்டும் முன்னால் குதித்து, அதே காலில் இறங்கி, இரண்டு விநாடி ஆடாமல் நிற்க வேண்டும். தடுமாறினால் கணக்கில்லை. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முயற்சி. நல்ல கால் 160 சென்டிமீட்டர், ஆபரேஷன் கால் 136 என்றால் 85 சதவீதம். குறைந்தது 90 வர வேண்டும் என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. இதோடு தொடர்ந்து மூன்று நொண்டி, கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக மாறி மாறி மூன்று நொண்டி, ஆறு மீட்டரை நொண்டியபடியே கடக்கும் நேரம் என்று மொத்தம் நான்கு.

இதில் இரண்டு சூது இருக்கிறது. ஒன்று, பத்து மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும், இளைத்த காலில் 90 சதவீதம் என்பது பெரிய விஷயமே இல்லை. இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள் இதைப் படித்தால், நல்ல காலின் நொண்டித் தூரத்தை இப்போதே டாக்டரையோ பிசியோவையோ கேட்டுவிட்டு அளந்து நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் உங்கள் உண்மையான அளவுகோல். இரண்டு, தூரம் சரியாக வந்தாலும் முட்டி வேலை செய்யாமல் இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து ஏமாற்றிக் கொண்டுபோய்விடும். அதனால் நொண்டி மட்டும் போதாது, தொடைப் பலத்தைத் தனியாக அளக்க வேண்டும். அதற்கான மெஷின் பெரிய ஊர்களில்தான் இருக்கும். கிடைக்காதவர்கள் லெக் எக்ஸ்டென்ஷனில் ஒவ்வொரு காலாலும் எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்று பாருங்கள், அதோடு சுவரோரம் பெஞ்சைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுந்து எண்ணுங்கள். என் பிசியோ வைத்த பாஸ் மார்க் இரண்டு காலிலும் இருபதுக்கு மேல். முதல் தடவை ஆபரேஷன் கால் ஒன்பதில் நின்றது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், நார்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. இப்படிப்பட்ட டெஸ்ட்டுகளில் தேறாமல் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் முட்டியில் மறுபடி அடி. தேறித் திரும்பியவர்களில் 6 சதவீதத்துக்கும் கீழே. ஒன்பதாவது மாதம் வரைக்கும் ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது என்றும் அதே ஆய்வில் இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிற தம்பிகளும் தங்கைகளும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த வயதில் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மறுபடி ஏசிஎல் கிழிகிறது, அதே காலிலோ மற்ற காலிலோ. பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு மாதம் பொறுப்பதில் ஒன்றும் குடிமுழுகிப்போகாது என்பது என் கட்சி. ஸ்போர்ட்ஸ் கோட்டா, செலக்‌ஷன், சர்டிஃபிகேட் என்று நெருக்கடி இருப்பது எனக்கும் தெரியும், நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஆனால் இரண்டாவது ஆபரேஷனோடு எந்த செலக்‌ஷனுக்கும் போக முடியாது.

‘நியூசிலாந்து கிரிக்கெட் ஆட்டக்காரர் வில்லியம்சன் ஆறே மாதத்தில் வந்தாரே’ என்று கேட்பீர்கள். வந்தார். 2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில் சென்னைக்கு எதிரான ஐபிஎல் ஆட்டத்தில் எல்லைக் கோட்டில் எகிறிப் பந்தைத் தடுக்கப்போய் முட்டி போனது, ஏப்ரலில் ஆபரேஷன், அக்டோபர் 13 அன்று நம் சேப்பாக்கத்திலேயே பங்களாதேஷுக்கு எதிராக உலகக் கோப்பை ஆட்டத்தில் 78 ரன். ஆனால் அவர் ஆடுவது கிரிக்கெட், ஏழு பேர் சேர்ந்து அவர் காலைப் பிடித்து இழுப்பதில்லை, நாள் முழுக்க அந்த முட்டியைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் உண்டு. நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரைப் பாருங்கள். 2017இல் ஆபரேஷன், 2018 ஜூலையில் துருக்கியில் வால்ட்டில் தங்கம். நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருக்கிறார்.

மேட்டில் இறங்கும் வரிசை

டெஸ்ட் பாஸ் ஆனால் மேட்ச் ஆடலாம் என்று அர்த்தமில்லை, பயிற்சிக்குப் போகலாம் என்றுதான் அர்த்தம். இங்கேதான் பொதுவான அட்டவணைகள் நம்மைக் கைவிடுகின்றன. ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் எழுதிய அட்டவணையில் கணுக்காலை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்கும்போது உடம்பைத் திருப்புவது என்று ஒரு வரி இருக்காது. கபடியில் ஒரு ராத்திரிக்கு இருபது தடவை அதுதான் நடக்கும். நானும் பிசியோ மேடமும் கோச்சும் உட்கார்ந்து ஒரு வரிசை போட்டோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்குக் குறையாமல்.

முதல் வாரம் ஆளில்லாத மேட்டில் நான் மட்டும். முப்பது விநாடி ரெய்டு, போனஸ் கோடு வரை போய்த் திரும்புவது, பாதி வேகம். மேட்டில் ஷூ பிடிக்கிற பிடி மண்ணில் இருக்காது, அந்தப் பிடிக்குக் காலைப் பழக்க வேண்டும், மண்ணில் ஆடிப் பழகியவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இரண்டாவது வாரம் அதே ரெய்டு, எதிரே நாலு பேர், ஆனால் தொடக் கூடாது. அவர்கள் நகர்வதைப் பார்த்து நான் திரும்ப வேண்டும். எங்கே திரும்பப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து திரும்புவதும், எதிராளியைப் பார்த்து அந்த நொடியில் திரும்புவதும் முட்டிக்கு வேறு வேறு. மூன்றாவது வாரம் நின்ற இடத்தில் பிடி: கார்னர் வந்து தொடையைப் பிடிப்பார், நான் தள்ளுவேன், அப்புறம் கணுக்கால், முதலில் மெதுவாக. நான்காவது வாரம் ஓட்டத்தில் பிடி, டேஷ் (மோதித் தள்ளுவது), செயின் (கைகோத்துப் பிடிப்பது). ஐந்தாவது வாரம் பிராக்டீஸ் மேட்ச்சில் கடைசி ஐந்து நிமிஷம். அப்புறம் பத்து நிமிஷம். அப்புறம் ஒரு பாதி. ஒரு படியில் வீக்கம் வந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும், கோச் முகத்தைப் பார்க்கக் கூடாது.

மூன்றாவது வாரத்தில் நான் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டேன், இதை யாராவது பதினேழு வயதில் சொல்லியிருக்கலாம். கணுக்கால் மாட்டிக்கொண்டால், பாதம் ஊன்றியிருக்கும்போது உடம்பை முறுக்காதே. பாதத்தைத் தூக்கு, தூக்க முடியாவிட்டால் மார்பைக் கோட்டுப் பக்கம் நீட்டி முழுசாக விழு, கை கோட்டை எட்டினால் எட்டட்டும். ஒரு பாயின்ட் போகும், போகட்டும். பழைய நான் அந்த ஒரு பாயின்ட்டுக்காகத்தான் முறுக்கினேன்.

கடைகளில் விற்கும் துணி ‘நீ கேப்’பை (முட்டி உறை) நம்பி இறங்காதீர்கள். முட்டி சூடாக இருக்கும், மனசுக்குத் தெம்பாக இருக்கும், முறுக்கைத் தடுக்காது.

பயம்

உடம்பு தயாரான அப்புறமும் நான் ஒரு மாதம் தயாராகவில்லை. இடது பக்க கார்னரைப் பார்த்தாலே கால் தானாகப் பின்வாங்கியது. இதை யாரிடமும் சொல்லவும் முடியாது, ‘பயந்துட்டான்’ என்று மைக்கிலேயே சொல்வார்கள். ஆனால் பழைய மட்டத்துக்குத் திரும்ப முடியாமல் போகிற பலருக்கும் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது, பயம்தான் நிறுத்திவைக்கிறது. இந்த ஆபரேஷன் ஆனவர்களில் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறவர்கள் 81 சதவீதம், போட்டி மட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் 55தான் என்று 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்த இடைவெளியில் நீங்களும் இருந்தால் அது கோழைத்தனம் இல்லை. பிசியோவிடம் பயத்தையும் சொல்லுங்கள், அதை அளக்கவே பன்னிரண்டு கேள்வி கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, மார்க் குறைவாக வந்தால் நாள் தள்ளிப்போடுவார்கள். எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம்: அன்றைக்கு என் காலைப் பிடித்த அதே கார்னரைக் கூப்பிட்டு, தினம் பத்து தடவை என் கணுக்காலைப் பிடிக்கச் சொன்னேன். பாவம், என்னைவிட அவர்தான் பயந்துபோய் இருந்தார், முதல் இரண்டு நாள் பிடியே விழவில்லை.

திரும்பிய அப்புறம்

ஜிம்மை விட்டுவிடாதீர்கள், சீசன் நடுவிலும் வாரத்துக்கு இரண்டு நாள் ஒற்றைக்கால் வேலை இருக்க வேண்டும். மறுபடி கிழிகிற ஆபத்து முதல் இரண்டு வருடம்தான் அதிகம், அது மற்ற காலுக்கும் சேர்த்துத்தான். மேட்ச்சுக்கு முன்னால் ‘ஃபிஃபா 11 பிளஸ்’ வார்ம்-அப்பைப் பழகுங்கள், ஃபுட்பாலுக்காக உருவாக்கியது, பதினைந்து பயிற்சி, இருபது நிமிஷம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். நம் டீம்களில் இரண்டு ரவுண்டு ஓடிவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு இறங்குவதுதான் வார்ம்-அப், அதைக் கொஞ்சம் மாற்றுங்கள். ராத்திரி மேட்ச்சில் உங்கள் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஒன்பது மணிக்குச் சூடேற்றிவிட்டு ஒரு மணிக்கு இறங்கக் கூடாது; முந்தைய மேட்ச்சின் இரண்டாவது பாதி ஆரம்பிக்கும்போது எழுந்து மறுபடி செய்யுங்கள்.

என் முதல் முழு மேட்ச் ராத்திரி இரண்டு மணிக்கு முடிந்தது. நாலு ரெய்டு பாயின்ட், இரண்டு தடவை பிடிபட்டேன், இரண்டு தடவையும் முறுக்காமல் விழுந்தேன். வீட்டுக்கு வந்து படுத்து, விடிந்ததும் பாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிப் பார்த்தேன். இரண்டு சிப்பியின் பக்கத்திலும் குழி தெரிந்தது. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்துப் பத்து நிமிஷம் இருந்துவிட்டுத்தான் எழுந்து பல் தேய்க்கப் போனேன்.